சிப்பாயின் கண்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்ததால் தெருவில் அவளுக்குக் 'கண்ணாடியக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. இத்தனைக்கும் அவள் கண்ணாடி போட்டவள் அல்ல. அவள் தம்பிக்குச் 'சிப்பாய்' என்று பெயர். அவனும் சிப்பாய் அல்ல. அப்பாவை 'ஆகாசம்' என்பார்கள். அடுக்குமாடிகளில் லிப்ட் பழுது பார்க்கிறவர் அவர். ஆனால் குடியிருந்ததோ தரைத்தளத்தில், வெயில் எட்டிப் பார்க்காத இரண்டு அறைகளில். இல்லாததைப் பார்த்துப் பெயர் வைப்பதில் இந்தத் தெருவுக்கு ஒரு கைராசி உண்டு என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

தம்பிக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருநாள் ராணுவ அகாடமியின் படமொன்றைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். வரிசை வரிசையாக இளைஞர்கள், ஒரே அளவில் வெட்டிய முடி, ஒரே உயரத்துக்குத் தூக்கிய கால்கள். மற்ற பையன்கள் அதற்கு மீசை வரைந்தார்கள். இவன் மட்டும் அதன் முன்னால் நின்றது நின்றபடியே நின்றான். அன்று பிடித்த பித்து. விடிந்தும் விடியாததுமாக எழுந்து பஸ் டிப்போவைச் சுற்றி ஓடுவான். மாடிப்படிக்கு அடியிலிருக்கும் இரும்புக் குழாயைப் பிடித்துத் தொங்குவான். பள்ளிக்கூட ஷூவைத் தன் முகம் தெரியும்வரை தேய்ப்பான். அந்த ஷூவில் தலைசீவலாம் என்று அவள் கேலி செய்வாள்.

அகாடமிக்கான பரீட்சையை ஊர் உலகத்துப் பிள்ளைகளெல்லாம் எழுதுவார்கள். மூட்டை மூட்டையாகக் கொட்டிச் சலித்து, கடைசியில் ஒரு கைப்பிடிதான் எடுப்பார்கள். வயது வரம்பும் உண்டு. அதைத் தாண்டிவிட்டால் குட்டிக்கரணம் போட்டாலும் கதவு திறக்காது. முதல் தடவை அவன் எழுத்துப் பரீட்சையிலேயே விழுந்தான். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் கணக்குப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினான்.

அப்பா வேலையிலிருந்து வந்து கை கழுவும்போதே கேட்பார்.

"என்னடா, சான்ஸ் எவ்வளவு இருக்கு?"

"நூத்துல ஒண்ணு கூட இல்லப்பா."

"அந்த ஒண்ணு நீயா இருந்துட்டுப் போயேன். யாரு வேண்டாங்கறா?"

அப்பாவுக்கும் இதில் ஒரு பழைய தாகம் இருந்தது. இளவயதில் சிப்பாய்த் தேர்வுக்குப் போய், மார்பளவு போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர். மூச்சை இழுத்துப் பிடித்து நிற்கும்போது தும்மல் வந்துவிட்டது, இல்லாவிட்டால் நான் இந்நேரம் மேஜர் என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் மகன் ஓடிவிட்டு வேர்வையோடு வந்து நிற்கும்போது அவன் மார்பை அவர் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையில் சிரிப்பு இருக்காது.

இரண்டாம் தடவை அவன் எழுத்தில் தேறினான். அப்புறம் நேர்முகத் தேர்வு. நேர்முகம் என்றால் ஒரு மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொல்வது இல்லை. பல நாள் அங்கேயே தங்க வைத்து, பேச வைத்து, கயிறு ஏற வைத்து, ஒரு கூட்டத்தைக் கையில் கொடுத்து வழிநடத்தச் சொல்லி, உள்ளதை எல்லாம் உருவி எடுத்துவிடுவார்கள். கூடப் போனவர்களில் பெரும்பாலானவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். இவன் தேறிவிட்டான் என்று சொன்னார்கள்.

அப்பா அன்று வேலை பார்த்த கட்டடத்தின் எல்லா மாடிகளிலும் செய்தி இறங்கியது. லிப்டுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு கீழே நிற்கிறவர்களிடம் சத்தமாகச் சொன்னாராம். அம்மா மட்டும் அடங்கியே இருந்தாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்துப் பார்த்து, எதையும் நாலு தடவை உதறிப் பார்த்துத்தான் நம்புவாள்.

"இன்னும் என்னடா பாக்கி?" என்றாள்.

"உடம்புப் பரிசோதனைதாம்மா."

"உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கே" என்றாள். அப்போதுதான் அவள் முகம் மலர்ந்தது.

*

பரிசோதனைக்குப் போகுமுன் ஒரு தடவை கண்ணைப் பார்த்துவிடலாம் என்று அக்காவுக்குத்தான் தோன்றியது. வெளியே போனால் காத்திருக்க வேண்டும், இங்கே நம் கையிலேயே எல்லாம் இருக்கிறதே என்று நினைத்தாள். ஒரு மதிய வேளையில், கடைக்காரர் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து அவனை வரச் சொன்னாள்.

கடை ஒடுங்கி நீண்டது. ஒரு பக்கம் முழுக்க நிலைக்கண்ணாடி, மறுபக்கம் பிரேம்கள். பின்னால் பலகைத் தடுப்புக்கு அப்பால் சோதனை அறை. அவனை உட்கார வைத்து ஒரு கண்ணை மூடி எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னாள். கடைசி வரியைத் தண்ணீர் குடிப்பதுபோல் படித்தான்.

"கீழ அச்சடிச்ச பிரஸ் பேரு இருக்கு. அதையும் படிக்கட்டுமா?"

"வாய் மட்டும் குறையாது உனக்கு" என்றாள். மனசு குளிர்ந்திருந்தது. சரி, இதையும் முடித்துவிடுவோம் என்று இழுப்பறையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தாள். பக்கத்துக்கு ஒரு வட்டம், வட்டம் நிறையப் பல நிறப் புள்ளிகள், புள்ளிகளுக்குள் ஓர் எண்.

"சின்னப் பிள்ளைங்க விளையாட்டு மாதிரிதான். உள்ள என்ன நம்பர்னு சொல்லு."

"பன்னெண்டு."

திருப்பினாள்.

"மூணு."

அது எட்டு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. "டேய், விளையாடாத. கடைக்காரர் வந்துருவாரு."

"மூணுதான்."

இன்னொரு பக்கம். அவள் கண்ணுக்கு இருபத்தொன்பது. அவன் கொஞ்சமும் தயங்காமல் எழுபது என்றான். அடுத்த பக்கத்தை மாற்றி மாற்றிச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லையே. காலிப் பக்கமும் வப்பாங்களா?" என்று கேட்டான். அதில் ஆறு என்ற எண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் கை தானாகப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போனது. கடைசிக்குப் பக்கத்தில் ஒரு பக்கம் உண்டு. சரியான பார்வை உள்ளவர்களுக்கு அதில் எதுவுமே தெரியாது. எத்தனையோ பேருக்கு அவள் அதைக் காட்டியிருக்கிறாள். எல்லோரும் உதட்டைப் பிதுக்கியிருக்கிறார்கள். அவளும் அதில் எதையும் பார்த்ததில்லை.

"அஞ்சு" என்றான் தம்பி. "இது நல்லாத் தெரியுது."

அவள் புத்தகத்தை மூடினாள். நிறம் பிரிக்க முடியாதவர்களுக்குத்தான் அந்தப் பக்கத்தில் எண் தெரியும் என்று பயிற்சியின்போது சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொல்லிக் கொடுத்ததைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள். அப்படி ஓர் ஆள் தன் வீட்டுக்குள்ளேயே, தன் தட்டுக்குப் பக்கத்தில் தட்டு போட்டுச் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறான் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ஒரு காலில் ஒரு நிறமும் மறு காலில் வேறு நிறமுமாகக் காலுறை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவான். அவசரக்குடுக்கை என்பாள் அம்மா. தக்காளி வாங்கி வரச் சொன்னால் காயாகப் பொறுக்கி வருவான். வீட்டு வேலைக்கு லாயக்கில்லை என்று இவளே தலையில் குட்டியிருக்கிறாள்.

"என்னக்கா? ஏன் பேச மாட்டேங்கற?"

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியும்; ஆனால் முகத்தை மூடத் தெரியாது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான், மறுபடி அவள் முகத்தைப் பார்த்தான்.

"எத்தனை தப்பு?" என்றான்.

*

அந்தக் கடைக்கு வாரத்தில் சில நாள் ஒரு கண் டாக்டரம்மா வருவார். பேச்சில் சுற்றி வளைக்கிற பழக்கம் இல்லாதவர். தம்பியை உட்கார வைத்து ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார்.

"சிவப்பு, பச்சை ரெண்டும் உனக்குச் சரியாப் பிரியல. பிறந்ததுல இருந்தே இப்படித்தான். உனக்குத் தெரியாது, ஏன்னா நீ வேற மாதிரி பாத்ததே இல்ல."

"மருந்து இருக்கா டாக்டர்?"

"இல்ல."

"ஆபரேஷன்?"

"இதுக்கு இல்லப்பா."

அவன் நாற்காலியின் விளிம்புக்கு வந்தான். "எழுத்துல தேறிட்டேன். நேர்முகத்துலயும் தேறிட்டேன். எல்லாம் சேர்த்துப் பார்த்தா எனக்கு எவ்வளவு சான்ஸ் இருக்கும்? கொஞ்சம்னாலும் சொல்லுங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இதுல சான்ஸ்னு ஒண்ணு இல்லப்பா. உயரம் மாதிரி, வயசு மாதிரி, இதுவும் ஒரு விதி. நான் உனக்கு ஆறுதல் சொல்லலாம், ஆனா அது உன் காலத்தை வீணாக்கும்."

பிறகு அக்காவைப் பார்த்து, அம்மா வழியில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். தெரியவில்லை என்றாள். அம்மாவின் கண்ணில் எந்தக் குறையும் இருக்காது, ஆனால் அவள் மூலமாகத்தான் மகனுக்கு வந்திருக்கும், தாய்வழித் தாத்தாவுக்கு இருந்திருக்கலாம் என்று விளக்கினார். "உனக்கும் இருக்கலாம்மா. உன் பார்வைல தெரியாது. நாளைக்கு உனக்குப் பையன் பிறந்தா தெரியலாம்" என்றார். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளும் சாதாரணமாகத் தலையாட்டினாள்.

வெளியே வந்து இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். எதிரே சிக்னல் மாறிக்கொண்டிருந்தது.

"இது உனக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டாள்.

"மேல எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சா போ" என்றான். "எல்லாரும் அப்படித்தான் பாக்கறாங்கன்னு நினைச்சேன்."

பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. அதற்குள் அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான்.

"அந்தப் புத்தகத்துல மொத்தம் எத்தனை பக்கம் இருக்கப்போகுது? எனக்கு அதைச் சொல்லிக் குடுத்துரு."

"பைத்தியமாடா உனக்கு?"

"கண்ணால படிச்சா என்ன, மனப்பாடமாப் படிச்சா என்ன? நம்பர்தானே சொல்லணும்."

"அங்க புத்தகத்தோட நிறுத்த மாட்டாங்கன்னு கிளம்பும்போது அந்தம்மா சொன்னாங்களே, கேட்டியா?"

"கேட்டேன். நிறுத்தவும் செய்யலாம்ல."

அவள் மறுத்தாள். நாளைக்கு உன் பின்னால் பத்து உயிர் வரும், தூரத்தில் ஒரு விளக்கைப் பார்த்து நீ பச்சை என்று சொல்லி அது சிவப்பாக இருந்தால் அந்தப் பத்துப் பேர் கதி என்ன என்று கேட்டாள். அவன் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டான். அன்றைக்குச் சாப்பாட்டைத் தொடவில்லை, மறுநாள் காலை ஓடப் போகவும் இல்லை. விடிந்தபிறகும் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததை அந்த வீடு அதுவரை பார்த்ததில்லை. அம்மா பயந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே" என்றாள். அப்பா, "திருஷ்டி. தெரு பூரா நான்தான் தம்பட்டம் அடிச்சேன்" என்று தன்னையே நொந்துகொண்டார்.

அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க அவளால் முடியவில்லை. சரி, வா என்றாள்.

மதிய வேளைகளில் பலகைத் தடுப்புக்குப் பின்னால் பாடம் நடந்தது. அவனுக்கு எண் தெரியாது; ஆனால் ஒவ்வொரு வட்டத்திலும் ஓரத்தில் எங்கே பெரிய புள்ளி, எங்கே இரண்டு புள்ளி ஒட்டியிருக்கிறது என்று பார்த்து அடையாளம் வைத்துக்கொண்டான். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும், நடுவிலிருந்து எடுத்தாலும் சொன்னான். அவன் மூளையைப் பார்த்து அவளுக்கே வியப்பாக இருந்தது. இத்தனை கெட்டிக்காரனுக்கா கதவை அடைக்கப் போகிறார்கள் என்று ஒரு கோபம் வந்தது. கோபம் வந்த இடத்திலேயே கொஞ்சம் நம்பிக்கையும் வந்து ஒட்டிக்கொண்டது. வெள்ளத்தில் போகிறவனுக்கு வைக்கோலும் தெப்பம்தானே. வீட்டில் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

*

அவன் புறப்பட்ட அன்று அப்பா லீவு போட்டுவிட்டு ரயில் நிலையம்வரை வந்தார். பெட்டியை அவன் தூக்க விடவில்லை. "அங்க போனா நீதான் எல்லாத்தையும் தூக்கணும். இன்னைக்கு நான் தூக்கறேன்" என்றார். ரயில் நகர்ந்த பிறகு, "மூச்சை நல்லா இழுத்துப் பிடி. தும்மல் வந்தா மூக்கைக் கிள்ளிக்கோ" என்று சன்னலோரம் நடந்துகொண்டே சொன்னார்.

ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து முதல் போன் அவளுக்குத்தான் வந்தது. கடையில் வாடிக்கையாளர் ஒருவருக்குப் பிரேம் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, புத்தகம் முடிஞ்சுது." அவன் குரல் துள்ளியது. "அதே புத்தகம். நடுவுல இருந்து எடுத்தாரு. ஒண்ணு கூட விடல. 'குட்'னு சொன்னாருக்கா."

அவள் போனை வைத்துவிட்டு, வாடிக்கையாளருக்கு அந்தப் பிரேம் ரொம்பப் பொருத்தம் என்று இரண்டு தடவை சொன்னாள். அது அவருக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. அன்று முழுக்க அவள் தரையில் கால் பாவாமல் நடந்தாள். நாம் செய்தது தப்பாகவே இருக்கட்டும், அவன் ஜெயித்துவிட்டான் அல்லவா என்று நினைத்தாள்.

மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்தான்.

வீட்டில் அப்போது அவள் மட்டும்தான் இருந்தாள். பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்து தண்ணீர் கேட்டான். குடித்தான். பிறகு சொன்னான்.

"ஒரு இருட்டு ரூம்ல உட்கார வச்சாங்க. தூரத்துல ஒரு சின்ன விளக்கு. ஊசி முனை மாதிரி. சிவப்பா, பச்சையா, வெள்ளையான்னு கேட்டாங்க. மேலயும் இல்ல, கீழயும் இல்ல. ஒரே இடத்துல எரியுது."

"நீ என்னடா சொன்னே?"

"பச்சைன்னு சொன்னேன். அந்த ஆளு ஒண்ணும் சொல்லல. அடுத்தது வெள்ளைன்னு சொன்னேன். அதுக்கும் ஒண்ணும் சொல்லல. அப்புறம் சிவப்புன்னு சொன்னேன். அப்புறம் எதைச் சொன்னேன்னு எனக்கே தெரியல. கடைசில லைட்டைப் போட்டாரு. நல்ல மனுஷன்க்கா. பக்கத்துல வந்து உட்கார்ந்து, 'புத்தகத்தை எத்தனை நாள் படிச்சே?'ன்னு கேட்டாரு."

அவள் அழுதாள். அவன் அழவில்லை. ஷூவைக் கழற்றி, வழக்கம்போல் ஒன்றோடொன்று சேர்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

*

அப்பாவிடம் "கண்ணுல ஏதோ சொல்லிட்டாங்க" என்று மட்டும் சொன்னான். அப்பா அதை ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணிலா, என் மகனுக்கா, எதிர்வீட்டு மொட்டைமாடிக் கொடியில் என்ன துணி காய்கிறது என்று சொல்கிறவனுக்கா என்று குதித்தார். மறுபரிசோதனைக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று யாரிடமோ கேட்டு வந்தார். அகாடமி சார்ந்த அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அவரைவிட இளையவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டார். வேலைக்குப் போகிற கட்டடம் ஒன்றில் ஒரு பெரிய அதிகாரி குடியிருப்பதாகக் கேள்விப்பட்டு, லிப்ட் வாசலில் அவருக்காகக் காத்து நின்றார். "தப்பு அவங்க மெஷின்ல. நான் மெஷின்காரன், எனக்குத் தெரியாதா மெஷின் எப்படிப் பொய் சொல்லும்னு" என்றார்.

ஒவ்வொரு நாளும் அவர் ஒரு புது நம்பிக்கையோடு திரும்பி வந்தார். ஒரு விடுமுறை நாள் காலையில், அவர் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி கிளம்பும்போது அவளால் தாங்க முடியவில்லை.

"அப்பா, போகாதீங்க. மெஷின்ல தப்பு இல்ல."

எல்லாவற்றையும் சொன்னாள். புத்தகம், டாக்டரம்மா, மதிய வேளைப் பாடம் எல்லாம். அப்பா சட்டைப் பொத்தானில் வைத்த கையை எடுக்காமல் கேட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்ப்பா."

"ரயில்ல ஏத்தி விடும்போதும் தெரியும்."

அவள் தலையாட்டினாள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். வெகுநேரம் தம் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் பத்தாவது படிக்கும்போது லீவுல ஒரு தடவை வேலைக்குக் கூட்டிட்டுப் போனேன். பச்சை வயரை எடுத்துக் குடுடான்னேன். சிவப்பை எடுத்துக் குடுத்தான். ரெண்டு தடவை சொன்னேன், ரெண்டு தடவையும் அதையே நீட்டறான். கவனம் எங்கடா இருக்குன்னு அத்தனை பேர் முன்னாடியும் கன்னத்துல ஒண்ணு விட்டேன்." உள்ளங்கையை மூடிக்கொண்டார். "அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான் பாரு. எதுக்கு அடிக்கிறேன்னே அவனுக்குப் புரியல."

உள்ளே தம்பி படுத்திருந்தான். கேட்டிருப்பான். எழுந்து வரவில்லை.

அம்மாவிடம் யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் அம்மா சமையலறையில் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறாள். டாக்டரம்மா கேட்ட கேள்வியையும் சேர்த்துத்தான். இரண்டு நாள் கழித்து, துணி மடிக்கும்போது, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

"எங்கப்பாவும் அப்படித்தான். எந்தப் பழம் பழுத்திருக்குன்னு அமுக்கிப் பார்த்துத்தான் சொல்வாரு. கஞ்சத்தனம்னு நினைச்சுச் சிரிப்போம்."

"அம்மா, அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

"நான் ஒண்ணும் பண்ணல. அதான் சொல்றேன். ஒண்ணும் பண்ணாமலே பண்ணிருக்கேன்."

அதன்பின் அம்மா மகனுக்குச் சாப்பாடு போடும்போது அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. தட்டை வைப்பாள், தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள். கோபம் என்று அவன் நினைத்தான். அப்படியில்லை என்று அக்கா சொன்னாள். ஆனால் அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

மேல்முறையீட்டுக்கும் ஒரு தேதி கொடுத்திருந்தார்கள். எதற்கும் போய்விட்டு வா என்று அப்பா சொல்லியும் அவன் போகவில்லை. "போய் இன்னொரு தடவை இருட்டுல உட்காரணுமா?" என்றான்.

*

வேறு வழிகளையும் பார்க்காமல் இல்லை. ரயில் ஓட்டும் வேலை, கப்பல் வேலை, தீயணைப்புப் படை என்று அவன் எதைத் தொட்டாலும் அங்கே கண்ணுக்கு ஒரு பரிசோதனை நின்றது. கல்லூரியில் சேரலாமே என்றாள் அக்கா. சேர்ந்தான். பாதியில் நின்றான். வகுப்பில் உட்கார்ந்தால் எல்லோரும் எதற்கோ தயாராகிக்கொண்டிருப்பது போலவும், தான் மட்டும் முடிந்துபோன ஆள் போலவும் இருக்கிறது என்றான். பிறகு ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். பெட்டிகளின் எண்ணைப் பார்த்து அடுக்க வேண்டும், எண்ணைப் பார்த்து இறக்க வேண்டும். கனத்த கோட்டு, கனத்த கையுறை. வெயில் காலத்திலும் கைவிரல் வெடித்து வருவான். ஓடுவதை விட்டுவிட்டான். உடம்பு பெருத்தது. தெருப் பையன்கள் சிப்பாய் என்று கூப்பிடுவதை யாரும் தடுக்கவில்லை, அதுவாகவே நின்றுபோயிற்று.

வயது வரம்பு முடிகிற பிறந்த நாளும் வந்து போனது. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். அப்பா கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்.

அவளுக்கும் வரன்கள் வந்தன. ஒவ்வொன்றையும் ஏதோ சாக்குச் சொல்லித் தள்ளினாள். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே, அம்மாவுக்குக் காரணம் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்தது.

அப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்னே பின்னே பார்த்திராத ஓர் இளைஞன் வீட்டைத் தேடி வந்தான். ஒட்ட வெட்டிய முடி, நிமிர்ந்த முதுகு, சாதாரண உடைதான் என்றாலும் எந்தக் கூட்டத்திலும் அவன் தனியாகத் தெரிவான். நேர்முகத் தேர்வில் தம்பியோடு ஒரே குழுவில் இருந்தவனாம். அகாடமியில் இருக்கிறானாம். விடுமுறைக்கு வந்தவன், இந்தப் பக்கம் உறவினர் வீட்டுக்கு வந்ததால் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

தம்பி அவனைக் கட்டிப்பிடித்து வரவேற்றான். தம்பி அப்படிச் சிரித்து அவள் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. தானே டீ போட்டான். அங்கே எத்தனை மணிக்கு எழுப்புவார்கள், சாப்பாடு எப்படி, தண்டனை உண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அப்பா கட்டிலில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

வந்தவன் நல்லவன். நல்லவர்களுக்கு எதைச் சொல்லக் கூடாது என்று சில சமயம் தெரிவதில்லை.

"அங்கிள், எங்க குழுவுல இவன்தான் முதல். உங்கள்ல யார் தலைமைல போரிடப் பிரியப்படறீங்கன்னு எழுதச் சொன்னாங்க. ஒருத்தர் விடாம இவன் பேரைத்தான் எழுதினோம். நானும்தான்."

அப்பா தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மா சமையலறையில் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

தம்பி அவனைப் பஸ் ஏற்றிவிடப் போனான். போனவன் திரும்பவில்லை. அவள் தேடிக்கொண்டு போனாள். நிறுத்தத்துச் சிமெண்டுப் பலகையில் தனியாக உட்கார்ந்திருந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போய்ட்டானா?"

"அப்பவே போய்ட்டான்."

அவன் பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் அப்படி எழுதலக்கா" என்றான். "அவன் பேரை நான் எழுதல. என் பேரையே எழுதிக்கிட்டேன். அது கூடாதுன்னு அவங்க சொல்லல." சிரிக்க முயன்றான், வரவில்லை. "அவன் ரொம்ப நல்லவன். ஆனா வராமலே இருந்திருக்கலாம்."

அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நான் அந்தப் புத்தகத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று சொல்லலாமா என்று யோசித்தாள். அப்படி இருந்தாலும் அந்த விளக்கு எரிந்திருக்கத்தான் செய்யும். எனவே சொல்லவில்லை. அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல்கள் வெடித்துச் சொரசொரப்பாக இருந்தன. சின்னப் பையனாக இருந்தால் உதறியிருப்பான். இப்போது அப்படியே விட்டுவைத்தான்.

"மதியம் ஷிப்ட் இருக்கு" என்றான் கடைசியில்.

எழுந்து நடந்தார்கள். வீட்டுக்கு வந்து அவன் கனத்த கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் மட்டும் வந்தது.

"சாப்பிட்டுட்டுப் போடா."

"பசிக்கலப்பா" என்று சொல்லிவிட்டு அவன் வாசற்படி இறங்கிப் போனான்.